மல்லாந்து பார்த்த விமானம்

மல்லாந்து படுத்துக்கொண்டுதான் செல்லதுரை வர்ணம் அடிப்பார். உத்தரத்தில் கட்டிய நூலில் முழநீள மர விமானம் தொங்கும். கீழே பாயில் அவர். தூரிகையை நீட்டி அதன் அடிவயிற்றில் ஒரு இழுப்பு. உடனே சுட்டுவிட்டதுபோலக் கையை நெஞ்சோடு இழுத்துக்கொள்வார். சாம்பல் வர்ணம் நெற்றியிலும் மீசையிலும் சொட்டும். துடைப்பதில்லை.

மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு, மிளகு மூட்டைகளுக்கு மார்க்கா போடுவது அவர் தொழில். எழுத்து வெட்டிய தகட்டை மூட்டைமேல் வைத்து மை ஒற்றினால் ஏற்றுமதிக்காரரின் அடையாளம் விழுந்துவிடும். கறுப்பு, நீலம், பச்சை எதுவென்றாலும் போடுவார். சிவப்பு வட்டம் வந்தால் மட்டும் தகட்டைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டுப் பீடி பற்றவைக்க வெளியே போவார். வெளியே என்றாலும் கூரை முடிகிற இடத்தில் கால் நின்றுவிடும். வெல்லிங்டன் தீவிலிருந்து கிளம்பும் நேவி விமானம் தலைக்கு மேலே போனால், பேச்சு பாதியில் அறும். சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார். கேட்பவர்களுக்கும் அது பழகிவிட்டது.

யுத்த காலத்தில் ரங்கூனிலிருந்து நடந்துவந்த கூட்டத்தில் அவர் எட்டு வயதுப் பையன். ஜப்பான் விமானம் சுட்டபடி தாழ்ந்து வந்தபோது எல்லோரும் வரப்போரம் குப்புற விழுந்தார்கள். அவர் மட்டும் கால் இடறி மல்லாந்து விழுந்தார். குஞ்சைத் தூக்க வரும் பருந்தின் கால்களைப்போல மடங்காத இரண்டு சக்கரங்கள். சிறகுக்கு ஒன்றாகச் சிவப்பு வட்டம். அது போனபின் எழுந்தவர்களில் அவருடைய அம்மா இல்லை.

அதைத்தான் இப்போது தேயிலைப் பெட்டிப் பலகையில் செதுக்கியிருக்கிறார்.

"கைக்குள்ள அடங்கிட்டா பயம் போயிரும்னு பாக்கேன்" என்றார் மனைவி மாயம்மாளிடம்.

"பயம் போகுதோ இல்லியோ, எம் பாய் பூரா சாயம் ஆயிட்டு" என்றாள் அவள்.

சாயாக்கடை அப்பு ஒருநாள் எட்டிப் பார்த்தான். விமானத்தின் மேல்பக்கம் வெறும் பலகையாக இருந்தது. "எந்தா சேட்டா, இதுக்கு வயிறு மட்டும்தானா? முதுகு எவ்விடே?"

"முதுகை யாரு கண்டா அப்பு? நான் கீழல்ல கிடந்தேன்."

மற்றதெல்லாம் முடிந்து, ஒரு வருஷமாக வட்டம் மட்டும் பாக்கி. சிவப்பு டப்பாவைத் திறப்பார். வாசனை ஏறியதும் மூடிவிடுவார். "வட்டம் விழுந்துட்டா அது பொம்மை இல்ல, மாயம். அதேதான்."

பிரசவத்துக்குச் சுள்ளிக்கல்லில் இருந்த தாய்வீட்டுக்கு வந்து, இப்போது ஐந்து மாதக் குழந்தையோடு இருந்த மகள் பேச்சிக்கு இந்தப் பேச்சு தெரியாது. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, சொல்ல வெட்கப்படுகிறார் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். ஒரு காலைநேரம் வட்டத்துக்கென்று அவர் வெட்டி வைத்திருந்த தகட்டையே எடுத்து, சிறகுக்கு ஒன்றாக அடியில் சிவப்பை ஒற்றிவிட்டாள். ஜன்னல் காற்று அங்கேதான் நன்றாக வரும் என்று குழந்தையையும் அந்தப் பாயிலேயே கிடத்தினாள்.

மதியம் சாப்பிட வந்த செல்லதுரை வாசலிலேயே நின்றார்.

"பாத்தீங்களாப்பா? ஒழுங்கா விழுந்திருக்கா?"

காற்றில் விமானம் மூக்கைத் தாழ்த்தி மெல்லத் திரும்பியது. கீழே குழந்தை மல்லாந்து, கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

செல்லதுரை முழங்காலில் விழுந்தார். தலையை நிமிர்த்தாமல் தவழ்ந்து போனார். குழந்தைக்கு இருபுறமும் முழங்கைகளை ஊன்றி, அதன்மேல் கூரைபோலக் கவிந்தார்.

"தாத்தாவுக்கு யானை விளையாட்டு கேக்குது" என்று பேச்சி சிரித்தாள். அவர் அசையாமல் கவிந்தே கிடப்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

கரண்டியோடு ஓடிவந்த மாயம்மாள், "நூலை அறுடி! மொதல்ல அதை அறு!" என்று கத்தினாள்.

செல்லதுரைக்கு எதுவும் காதில் விழவில்லை. உள்ளங்கையை விரித்துக் குழந்தையின் கண்களை மூடினார். கண்ணாமூச்சி என்று நினைத்து அது கையடியில் கிளுகிளுவென்று சிரித்தது. அவர் விரலைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. அவர் கையை எடுக்கவில்லை.