சிவப்பைச் சுரண்டும் வேலை

காணாமற்போன ஒருவர் இறந்துவிட்டார் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? கடைசியாகக் கண்டவருக்கா, காணாமலே காத்திருப்பவருக்கா? புனிதவதியைத் தெரிந்த எல்லாரிடமும் இதற்கு ஒரு பதில் இருந்தது. அவளிடம்தான் இல்லை.

அவள் கொழும்பில் தட்டெழுத்தாளராக இருந்தவள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, ஏற்கெனவே கனடாவில் இருந்த கணவனின் அண்ணன் குலசிங்கம் பொறுப்பெடுக்க ரொறன்ரோ வந்தாள். கணவன் இராஜரட்ணம், படுக்கையில் கிடந்த தாயைப் பார்க்க ஊரில் நின்றுவிட்டான். தாய் கண்மூடிய பின், எண்பத்தைந்து தையில், யாழ்ப்பாணக் கரையில் மாதகலில் இருந்து ராமேஸ்வரத்துக்குப் படகேறினான். படகு போய்ச் சேரவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை.

அப்போது அவள் குயீன் வீதிக்குப் பின்புறச் சந்தொன்றில் இருந்த ஹராதாவின் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஹராதா கனடாவிலேயே பிறந்த ஜப்பானியர். இரண்டாம் உலகப் போரில் கனடாவின் மேற்குக் கரையிலிருந்து விரட்டப்பட்டு, வீடும் படகும் இழந்து ரொறன்ரோவுக்கு வந்த ஜப்பானியக் குடும்பங்கள், வீட்டில் வைத்துக் கும்பிடும் சிறு மரக் கோயில்களைத் திருத்துவதற்கு அவரிடம் கொண்டுவருவார்கள். மரப்பாலில் செய்த கறுப்பு அரக்கைப் பூசி, கரித்துண்டும் தண்ணீரும் வைத்து மெல்லத் தேய்க்கவேண்டும். இந்த அரக்கு வெயிலில் காயாது, ஈரத்தில்தான் காயும். ஹீற்றர் ஓடி அறை வறளும் குளிர்காலத்தில் அலுமாரிக்குள் நனைந்த துணி கட்டி ஈரம் காப்பது புனிதவதியின் பொறுப்பு. அதை ஒழுங்காகச் செய்தாள். சிறப்பாகச் செய்தாள் என்று ஹராதா ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் கோயில்களுக்குள் இறந்தவரின் பெயர் வெட்டிய சிறு பலகை நிற்கும். கணவன் மனைவியில் ஒருவர் இறந்தால், சில குடும்பங்கள் இருவர் பெயரையும் ஒரே பலகையில் வெட்டுவிப்பார்கள். இறந்தவர் பெயருக்குப் பொன்னிறம், இருப்பவர் பெயருக்குச் சிவப்பு. இருப்பவரும் இறந்த பின் பலகை பட்டறைக்கு வரும். மூங்கில் சிராயால் எழுத்துக்குள் இருக்கும் சிவப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பொன் இடவேண்டும். பெரும்பாலும் சுரண்டப்படுவது பெண்களின் பெயர்தான்.

தை மாதத்துக்குப் பிறகு புனிதவதி அந்த வேலையைத் தொடவில்லை. பலகை வந்தால் ஹராதாவின் மனைவியின் மேசைக்கு நகர்த்திவிட்டு அலுமாரிப் பக்கம் போய்விடுவாள். ஒருமுறை மட்டும் ஹராதாவிடம் கேட்டாள்.

"ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாவிட்டால் என்ன நிறம்?"

அவர் தூரிகையைக் கழுவி முடித்தார். "எனக்குத் தெரியாது. பலகை செய்யச் சொல்பவர் எந்த நிறம் சொல்கிறாரோ, அதைப் போடுவேன்."

அவளுக்குத் தேவைப்பட்டது வேறு யாராவது முடிவு சொல்வது. அங்கேயும் அது கிடைக்கவில்லை.

வெல்லஸ்லி வீதி அடுக்குமாடியில் அவளுடைய நெற்றி எல்லாருக்கும் பேச்சாகிவிட்டது. பொட்டை எடுத்தால் கணவனைக் கொன்றவள். வைத்தால் வெட்கம் கெட்டவள். கட்டடத்தின் கீழ்மண்டபத்தில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள். வாசலில் குங்குமத் தட்டோடு நின்ற நாகேஸ்வரி அவளைக் கண்டதும் தட்டை நீட்டினாள், பிறகு பாதியில் இழுத்தாள்.

"என்னடி நாகேசு, சாமிப்படம் மாதிரி நிக்கிறாய்? பின்னால சனம் நிக்குது!" என்றாள் ஒருத்தி.

"இல்லையக்கா... புனிதமக்காவுக்கு..."

"குடு பிள்ளை, உன்ரை கை நோகப்போகுது. நானே எடுக்கிறன்" என்று புனிதவதி விரலால் தொட்டு வைத்துக்கொண்டாள்.

அவள் கடந்து போனதும் யாரோ சொன்னார்கள், அவளுக்குக் கேட்கும்படியாகவே: "மனுசன் கடலுக்கை. இவ கண்ணாடிக்கு முன்னாலை."

சாப்பாடு போடமுதல் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

குலசிங்கம் கெட்ட மனிதர் அல்ல. தம்பி கனவில் வந்து தண்ணீர் கேட்கிறான் என்று அவர் சொன்னது பொய்யாக இராது. தர்ப்பையில் உருச்செய்து எரித்து, முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியும் முடித்துவிட்டால் தம்பிக்கு வழி கிடைக்கும் என்று நம்பினார். அதற்குப் புனிதவதியின் சம்மதம் வேண்டும். சம்மதித்தால் அவள் விதவை. இரண்டு வருடம் அவள் "பொறுங்கோ அத்தான்" என்றாள்.

எண்பத்தேழில் குருநகர் மீனவர் சூசைதாசன் மொன்றியல் வழியாக ரொறன்ரோ வந்தார். இராஜரட்ணம் ஏறிய அந்தப் படகில் போய்த் தப்பியவர். குலசிங்கம் அவரை நேரே அவளுடைய வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

"கவிழ்ந்தது உண்மை, தங்கச்சி. நேவி சுட்டவங்கள். இருட்டு. என்னை இந்தியப் படகொண்டு தூக்கினது. வேறை படகுகளும் நிண்டது. அவை ஆரைத் தூக்கினது, எங்கை கொண்டுபோனது எண்டு எனக்குத் தெரியாது."

"இவரைக் கண்டனீங்களோ?"

"ஏறேக்கை கண்டனான். என்னோடை பகிடியும் விட்டவர். 'அண்ணை, கனடாவுக்கும் உந்தப் படகிலையே விடுவியளோ' எண்டு. அதுக்குப் பிறகு... கண்டனான் எண்டும் சொல்லேலாது, காணேல்லை எண்டும் சொல்லேலாது."

புனிதவதி கதிரையிலிருந்து இறங்கி அவர் முன்னால் தரையில் இருந்துவிட்டாள்.

"ஏதாவது ஒண்டு சொல்லுங்கோ அண்ணை. இருக்கிறார் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டிச் செத்திட்டார் எண்டு சொல்லுங்கோ. பொய்யெண்டாலும் பரவாயில்லை. என்னாலை ஏலாது."

சூசைதாசன் குலசிங்கத்தைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். "முடிஞ்சுது, தங்கச்சி" என்றார். "நான் கண்டனான்."

குலசிங்கம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். புனிதவதிக்கு அழுகை வரவில்லை. அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். முதலில் சொல்லத் துணியாததைக் கடைசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யாவது சொல்லுங்கோ என்று கேட்டவள் அவள். இனி அந்த வாயிலிருந்து எது வந்தாலும் அதை நம்ப அவளால் முடியாது. உலகத்தில் இருந்த ஒரேயொரு சாட்சியை அவளே கேட்டுக் கெடுத்துவிட்டாள். அவர் வாசலில் செருப்பு மாட்டும்போது, "முதல் சொன்னதோ அண்ணை, பிறகு சொன்னதோ?" என்று கேட்டாள். அவர் லிஃப்ற்றுக்கு நடந்தார்.

குலசிங்கம் நாள் குறித்தார். ஸ்காபறோ ஏரிக்கரை, காலையில். "நீ வந்து நிண்டால் போதும். மிச்சம் நான் செய்யிறன்" என்றார். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதைத் தைரியம் என்று சொல்லமுடியாது. சொல்ல அவளிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அன்று காலை ஐயரும் உறவினரும் ஏரிக்கரையில் அவளுக்காகக் காத்து நின்றார்கள். வெயில் ஏறியது. கடைசியில் அவள் இல்லாமலே செய்து முடித்தார்கள்.

அவள் வழமைபோல் ஸ்ட்ரீற்காரில் பட்டறைக்குப் போயிருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. ஹராதாவின் மனைவியின் மேசையில் ஒரு பலகை வந்து கிடந்தது. எற்றோபிக்கோவில் முந்தின வாரம் இறந்து, எல்லாரும் பார்க்க எரிக்கப்பட்ட ஒரு கிழவியின் பெயர், சிவப்பில். புனிதவதி அதைத் தன் மேசைக்கு எடுத்துப்போனாள். மூங்கில் சிராயைக் கூராக்கினாள். மாலைவரை குனிந்த தலை நிமிராமல் எழுத்தெழுத்தாகச் சுரண்டினாள்.

வேலை முடிந்ததும் ஹராதாவிடம் போய், இனி வரும் சிவப்பெல்லாம் தனக்கே வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்றாள். அவர் சரி என்றார்.