சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குழாய்

குஜிலியம்பாறைப் பக்கம் நான் வேலை பார்க்கும் கல்லூரி. மதில் சுவரை ஒட்டியே ஊர். நாட்டு நலப்பணித் திட்டத்தை என் தலையில் கட்டியிருந்தார்கள். வருடா வருடம் மாணவர்களோடு அந்த ஊரில் ஏழு நாள் முகாம் போடுவோம். வீடு வீடாகப் போய், ஊருக்கு என்ன தேவை என்று கேட்டுப் படிவம் நிரப்புவோம்.

சுவரோரத்து வீட்டு அக்கா மூன்று வருடமும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"ஒங்க போர்ல இருந்து செவுத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கொழா வச்சுக் குடுங்க சார். லாரித் தண்ணி வாரத்துக்கு ஒருக்காதான் வருது. வேற ஒண்ணும் வேணாம்."

மூன்று வருடமும் எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். "பாக்கலாம்" என்பார். வெளியே வந்தால் புல்தரைக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்துக்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். என் வீரமெல்லாம் வகுப்பறையோடு சரி.

போன முகாமில், மாசி வெயிலில், ஊரெல்லாம் புங்கங்கன்று நட்டோம். இந்தக் கூத்துக்கும் நான்தான் பொறுப்பு. அக்கா வீட்டு வாசலிலும் ஒன்று.

"இதுக்குத் தண்ணிக்கு நான் எங்க சார் போறது?"

அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் போதும் என்றிருந்தது. "இது பொழைக்கட்டும்க்கா. இதக் காட்டியே கொழா கேக்குறேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

கன்று பிழைக்கும்வரை காத்திருக்க மனசு கேட்கவில்லை. அடுத்த மாதமே முதல்வரிடம் போய்க் கெஞ்சினேன். "ஒரு ஊருக்குக் குடுத்தா நாலு ஊர் வந்து நிக்கும். இனிமே இந்தப் பேச்ச எடுக்காதீங்க" என்று முடித்துவிட்டார். அதை அக்காவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அவர் வீட்டு வழியை விட்டு, பேருந்துக்குச் சுற்றிக்கொண்டு போனேன்.

வைகாசியில் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். கையைப் பிடித்து இழுக்காத குறையாக வாசலுக்குக் கூட்டிப் போனார். தெருவில் மற்ற கன்றுகளெல்லாம் சுள்ளியாக நிற்க, இது மட்டும் முழங்கால் உயரத்துக்குத் துளிர்த்திருந்தது. பக்கத்தில் குடங்கள் காலியாகக் கிடந்தன.

"தண்ணி ஏதுக்கா?"

"ஏனங் கழுவுன தண்ணி பத்தல சார். குடிக்கிறதுல தெனம் ஒரு செம்பு ஊத்துனேன்."

அவர் உதடு வெடித்திருந்தது. எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

"பொழச்சிருச்சு சார்," என்றார். "இப்பப் போய்க் கேளுங்க."