தங்கச்சி கல்யாணத்தில் நான் இல்லை

என் தங்கச்சிக்குத் தாலி கட்டியபோது நான் கூப்பிடு தூரத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே குந்தியிருந்தேன். மேளம் கேட்டது. அம்மா என்னைத் தேடிக் கூப்பிடுவதும் கேட்டது. போக ஆசையாகத்தான் இருந்தது, கால் எழவில்லை.

நாலு பேர் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும், தொண்டை அடைக்கும். பன்னிரண்டு வயதில் முதல்முறையாகப் பெரட்டில் போய் நின்றேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம் அது. கங்காணி பேர் கேட்டார். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. "ஊமைய யாரு வேலைக்கு அனுப்புனது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியதா, முன்பே எனக்குள் இருந்ததா என்று இன்றும் தெரியவில்லை. அதன்பிறகு ஆள் கூடும் இடம் என்றாலே ஒதுங்கிவிடுவேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக்கூட மற்றவர்கள் போய்வந்த பிறகுதான் குடத்தை எடுப்பேன். அம்மா மந்திரித்த கயிறு கட்டினாள். டிஸ்பென்சரியில் சிவப்பு மருந்து கொடுத்தார்கள். நடுக்கம் அப்படியேதான் இருந்தது. கல்யாணத்தன்று ஆரத்தித் தட்டைக் கையில் கொடுத்ததும் ஓடிவிட்டேன்.

மறுவீட்டுக்கு வந்த தங்கச்சி திட்டுவாள் என்றிருந்தேன். அவள் அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புது வீட்டுல எனக்கும் நடுங்குச்சுக்கா. எங்க ஓடுறது? அப்படியே நின்னேன். கொஞ்ச நேரத்துல அதுவா அடங்கிருச்சு."

"உனக்கு அடங்கும். எனக்கு அடங்காது."

"அடங்குற வரைக்கும் நீ என்னைக்காவது நின்னிருக்கியா?"

அவள் புருஷன் வீட்டார் சிலோனை விட்டு இந்தியாவுக்கே போய்விட மனு எழுதிப் போட்டிருந்தார்கள். அனுமதிக் காகிதம் வரும்வரை அவள் எங்களோடு தோட்டத்து லய வீட்டில்தான் இருந்தாள். தினமும் கூட்ட நேரத்தில் என்னைப் பீலிக்கு இழுத்துப் போனாள். "நீ பேச வேணாம். நில்லு, போதும்." முதல்நாள் என் குடம் கல்லில் கடகடவென்று ஆடியது.

"என்ன, குளிரா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா" என்றேன். அவள் தன் மாமியார் கதைக்குத் திரும்பிவிட்டாள். யாரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு மாதத்தில் நானும் ஒன்றிரண்டு வார்த்தை பேசினேன். சில நாள் பாதியிலேயே திரும்பியதும் உண்டு. அவள் மறுநாளும் கூப்பிட்டாள்.

பிறகு காகிதம் வந்தது. தலவாக்கலை ஸ்டேஷனில் அத்தனை கூட்டத்துக்குள்ளும் புகுந்து ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் நகரவில்லை. "போனதும் கடுதாசி போடு!" என்று கத்தினேன்.

கடிதம் வந்தது. 'இங்க எல்லாரும் எங்களச் சிலோன்காரங்கன்னு ஒரு மாதிரி பாக்குறாங்கக்கா. எனக்கு வாயே வரல' என்று எழுதியிருந்தாள். அவள் பக்கத்தில் போய் வெறுமனே நிற்க வேண்டும்போல இருந்தது. நடுவில் கடல். 'ஓடாத, நில்லு' என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

நாலு மாதம் கழித்து அடுத்த கடிதம். கிணற்றடியில் ஒருத்தி சிநேகிதமாகியிருப்பதாகவும், இருவரும் சேர்ந்தே தண்ணீருக்குப் போவதாகவும் எழுதியிருந்தாள். படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அந்த ஒருத்தி நானில்லையே என்றும் இருந்தது.