சுவரைப் பார்த்துக் காவல்

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அரபு நாட்டில், ஜெபல் அலி பக்கம் ஒரு கிளப்பின் நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் சில வெள்ளைக்காரர்கள் குளத்தை வாடகைக்கு எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, உடுப்பில்லாமல் நீந்துவார்கள். வெளியே தெரிந்தால் கிளப்புக்கே ஆபத்து.

“சுவரைப் பார்த்து உக்காரு தம்பி. திரும்பினா உன் விசா கேன்சல்,” என்றார் சூப்பர்வைசர் யூசுப் பாய்.

“யாராவது முங்கினா, பாய்?”

“கூப்பிடுவாங்கல்லா.”

மூன்றாவது வாரம், முதுகுக்குப் பின்னால் யாரோ இருமியது கேட்டது. பிறகு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தமே இல்லை. மற்றவர்கள் மறுகோடியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மனசு கேட்காமல் திரும்பினேன். ஒரு வயதானவர் குளத்தின் அடியில் கிடந்தார். குதித்து இழுத்துப் போட்டு வாயில் ஊதினேன். மூச்சு வந்ததும் துண்டால் மூடினேன்.

மறுநாளே என் மேல் புகார். யாரும் கூப்பிடாமலே திரும்பிப் பார்த்தேனாம்.

“முங்குறவன் எப்படி பாய் கூப்பிடுவான்?”

“எனக்குப் புரியுது தம்பி. அவங்களுக்கு நீ பாத்தது மட்டுந்தான் தெரியுது.”

பிழைத்தவரும் எனக்காக வாய் திறக்கவில்லை. என்னைத் துண்டு துவைக்கப் போட்டார்கள்.

இப்போது வேறு குளத்தில் இருக்கிறேன். தண்ணீரைப் பார்க்கவிடாத டூட்டிக்கு உட்கார மாட்டேன் என்று சேரும்போதே சொல்லிவிட்டேன். இந்த வேலைக்கு வரும் தம்பிகளும் சொல்லிவிடுங்கள். அன்று பாய் சொன்னபடி நான் உட்கார்ந்திருந்தால் அந்த வயதானவர் செத்திருப்பார். காவலுக்கு இருந்தவன் என்று என்னைத்தான் ஜெயிலில் போட்டிருப்பார்கள்.