நான்காவது எலுமிச்சம்பழம்

காலை ஆறே முக்காலுக்கு அந்த எலுமிச்சம்பழத்தைப் பாவாடை மடிப்பில் ஒளித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. நாமக்கல்லில் அப்பாவுக்கு ஒரு லாரி இருந்தது. வீட்டில் யார் தூரப் பயணம் கிளம்பினாலும், முன்னும் பின்னுமாகச் சக்கரங்களின் அடியில் நான்கு பழங்களை வைத்து நசுக்கிவிட்டுத்தான் அது நகரும். அன்று கிளம்பியவர் சித்தப்பா. விமானப்படை ஹெலிகாப்டரில் பழுது பார்ப்பவர், அமைதிப்படையோடு இலங்கைக்கு அனுப்புகிறார்கள். சேலம் ரயிலடி வரைக்கும் லாரி.

"நாலுக்கும் வெச்சுட்டியா சாமி?" என்றார் அப்பா.

"வெச்சுட்டனுங்க."

வைத்தது மூன்று. நான்காவதை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுப் பள்ளிக்கூடச் சுவரோரம் தின்றேன். பல் கூசியதைத் தவிர வேறு வருத்தமில்லை.

மூன்று வாரம் கழித்து அப்பாவின் லாரி ஆபீசுக்குப் போன் வந்தது. கீழிருந்து சுட்டதில் சித்தப்பாவின் ஹெலிகாப்டரில் குண்டு பாய்ந்து, அவசரமாக ஒரு வயலில் இறங்கியிருக்கிறது; ஒருவர் உயிரோடில்லை. யார் என்று சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது.

சித்தி அந்தப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால், "மணியடிச்சா ஆரு எடுக்கறது? போங்க" என்பாள். நான் தினமும் ஒரு பழம் திருடி, ஆபீஸ் வாசலில் நின்ற எங்கள் லாரியின் சக்கரத்தடியில் வைத்தேன். அப்பா வண்டியை எடுக்கவே இல்லை. பழங்கள் நசுங்காமல் அங்கேயே காய்ந்தன.

இத்தனை வருஷம் கழித்து, போன வாரம் என் மகள் வந்த விமானத்தை, வழியில் ஏவுகணைகள் பறக்கின்றன என்று வேறெங்கோ இறக்கிவிட்டார்கள். அவள் அழைக்கும் வரை நானும் போனை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

அன்று, ஆபீசுக்குப் போன் வந்த ஆறாம் நாள் மத்தியானம் சேலம் பஸ்ஸிலிருந்து சித்தப்பாவே இறங்கி வந்தார், இடது கையில் கட்டோடு. சித்தி அப்போதுதான் போனை விட்டு எழுந்தாள். எல்லாரும் அழுது முடித்த பிறகு, அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பழத்தைத் தின்றதைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை.

"அதனால இல்ல சாமி. ஓட்டுனவருக்கு வயித்துல குண்டு. எங்களப் பத்தரமா எறக்கி, எஞ்சின அமத்திப்போட்டுத்தான் சாஞ்சாரு. அவருக்கும் உன்னாட்டவே ஒரு புள்ள இருக்குது. நாளைக்கு அவிய ஊட்டுக்குப் போவோணும். அந்தப் புள்ள கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்? நீயே சொல்லு."

அடி விழவில்லை என்ற நிம்மதியில் இருந்தேன்.

"முட்டாய் வாங்கிக் குடுங்க சித்தப்பா" என்றேன்.