ரசலையனை அடித்த புலி

ஆரல்வாய்மொழிக் காற்றுக்குக் கதவைச் சாத்தாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. ரசலையன் என்ற சமையற்காரர் கதவோடு தம் வாயையும் சாத்திக்கொண்டார். காரணம் கேட்டால் ஊரார் சிரிப்பார்கள். "அவரு புலி அடிச்ச ஆளுல்லா" என்பார்கள். அந்தச் சிரிப்பின் அடியில் ஒரு மனிதனுடைய மானம் நசுங்கிக் கிடந்ததை அவர்கள் அறிந்தார்களா? அவர் பெற்ற மகளே அறியவில்லை என்றால், ஊரைச் சொல்லி என்ன பயன்!

ரசலையன் பிறந்தது மேற்கே புதுக்கடையில். மலைமேல் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் குசினியில் சேர்ந்து, கைப்பக்குவத்தால் பெயர் எடுத்தார். ஆரல்வாய்மொழிக்கு அருகில் நேசம்மாளை மணந்து அங்கேயே குடியேறினார். லீலாபாய் என்று ஒரே மகள். 1922-இல் துரை தோட்டத்தை விற்றுவிட்டுத் தென்னாப்பிரிக்கப் பக்கம் ரொடீசியாவில் நிலம் வாங்கினார். ரசலையன் வைக்கும் நல்லமிளகுக் கோழிக்கறி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆகையால் சமையற்காரரும் கப்பல் ஏறினார். கையசைத்து நின்ற சிறுமி லீலாபாய், அப்பாவை மறுபடி பார்த்தபோது கல்யாண வயதில் இருந்தாள்.

அந்த நாட்டுச் சர்க்கார் ஒரு பெரிய காட்டை விலங்குகளுக்கென்றே விட்டுவைத்திருந்தது. உள்ளே யாரும் துப்பாக்கி தூக்கக் கூடாது. புல் காய்ந்து நீர்நிலைகள் வற்றும் மாதங்களில் துரை கூடாரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்விடுவார். மிஞ்சிய நீரைத் தேடி எல்லா விலங்கும் ஒரே மடுவுக்கு வரும். மறைந்திருந்து பார்க்கலாம், படம் பிடிக்கலாம். கூடாரங்களைச் சுற்றி முள்மரக் கிளைகளை வெட்டி வேலி வளைப்பார்கள். வழி காட்ட அந்த மண்ணில் பிறந்த மோயோ என்பவன் இருந்தான். மண்ணில் பதிந்த காலடியைப் பார்த்தே யானை எப்போது போனது என்று சொல்லுவான். ரசலையனுக்கோ அடுப்புத்தான் உலகம். மூடிபோட்ட இரும்புச் சட்டியில் தணல் கொட்டி ரொட்டி சுடுவார். மடுவில் யானைகள் கலக்கிய தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காப்பி போடுவார். சிங்கம் கர்ச்சித்தால் அடுப்போரம் உட்கார்ந்து வேதாகமத்துச் சங்கீதம் சொல்லுவார்.

ஒருநாள் விடிகாலையில் அவர் இறைச்சி எடுக்கப் போனார். பண்ணையிலிருந்து கொண்டுவந்த உப்பிறைச்சியை நரிகளுக்கு எட்டாமல் வேலிக்கு வெளியே ஒரு மரக்கொப்பில் கட்டியிருந்தார்கள். கொப்பின்மேல் படுத்திருந்த மிருகம் அவர்மேல் பாய்ந்தது. தோளிலிருந்து முதுகு வரை கிழிந்தது. மோயோ எரிகிற கட்டையோடு ஓடி வந்திராவிட்டால், நேசம்மாள் அன்றே விதவை.

1931-இல் துரை காலமானார். ரசலையன் ஊர் திரும்பினார். பிறகு சுடலையாண்டியின் காப்பிக்கடையில் மாலைதோறும் ஆப்பிரிக்காதான். சுடாமல் சும்மா பார்ப்பதற்குக் காட்டுக்குப் போனதை அங்கே ஒருவராலும் நம்ப முடியவில்லை.

"வீட்டுல கட்டிலு கெடக்கச்சில துணிக்குடிலுல போயி எவம்வே படுப்பான்?" என்றார் சுடலையாண்டி.

"வெள்ளக்காரனுக்கு அதுதாம்வே சொகம்."

"அப்பம் எங்க மாட்டுத்தொழுவுல வந்து படுக்கச் சொல்லும். காசு கேக்கமாட்டேன்."

நம்பாதவர்களை நம்பவைக்க ரசலையன் கதைக்குக் கொஞ்சம் மசாலா சேர்த்தார். தூரத்தில் கண்ட சிங்கம் கூடாரத்துக்குள் வந்தது, ஒன்று நாலாயிற்று. மோயோவின் திறமையெல்லாம் மெல்ல மெல்ல ரசலையனுடையது ஆயிற்று. முதுகைக் கிழித்த கதையை மட்டும் அவர் அங்கே எடுக்கவே இல்லை. அதைக் கடவுளுக்கு என்று வைத்திருந்தார்.

லீலாபாயை வேதக்கோயில் உபதேசியார் டைட்டஸின் மகன் ஜான்ரோஸுக்குப் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர். அந்த மாதத்து ஸ்தோத்திரக் கூட்டத்தில், சபை வழக்கப்படி, ரசலையன் எழுந்து சாட்சி சொன்னார். மரத்திலிருந்து பாய்ந்த புலியின் கையிலிருந்து கர்த்தர் தம்மைத் தப்புவித்ததை, ஒரு சொல் கூட்டாமல், கண்ணீரோடு சொன்னார்.

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். ஆப்பிரிக்காவில் புலியே கிடையாது என்று தம் மகன் கற்பிக்கும் பூகோளப் புத்தகம் சொல்கிறதே என்றார். புலி மரத்தின்மேல் படுத்திருந்ததா என்றும் கேட்டார்.

"கொப்புலதான் கெடந்துது. நான் கண்டது புலிதான்" என்றார் ரசலையன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு கோயில் முழுதும் பரவியது. ரசலையன் கோட்டுப் பொத்தானை அவிழ்க்கத் தொடங்கினார். கோயிலுக்குள் உடுப்பைக் கழற்ற வேண்டாம், முள்வேலி கீறினாலும் தழும்பு அப்படித்தான் இருக்கும் என்று உபதேசியார் தடுத்துவிட்டார். சபையில் பொய்ச்சாட்சி சொன்னவர் சபைமுன் மன்னிப்புக் கேட்டால்தான் சம்பந்தம் என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டில் நேசம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். தழும்பை அவள் கண்டவள்தான். ஏதோ ஒன்று கீறியிருக்கிறது, அது புலியா என்று யார் கண்டது என்பது அவள் எண்ணம். லீலாபாய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"பொய்யிண்ணு ஒரு வார்த்த சொல்லிருங்கப்பா."

"கண்டத காணலேண்ணா சொல்லச் சொல்லுத, மக்கா?"

"காப்பிக்கடையில சொன்னியளே, அதெல்லாம் உள்ளதா அப்பா?"

ஐயோ, பெற்ற மகள் கேட்ட கேள்வி! கூடாரத்துக்குள் விட்ட நாலு சிங்கமும் சேர்ந்து அவர் நாவைப் பிடித்துக்கொண்டன. தலை தொங்கிப்போயிற்று. அடுத்த ஞாயிறு சபைமுன் நின்று, "நான் புலியக் காணல்ல. பொய் சொல்லிப்போட்டேன்" என்றார். கல்யாணம் சிறப்பாக நடந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கூசிப் பெண் மாட்டுவண்டி ஏறினாள்.

அதன்பின் ரசலையன் காப்பிக்கடைப் பக்கம் போகவில்லை. கோயிலுக்குப் போவார், ராப்போஜனத்துக்கு மட்டும் முன்னே போகமாட்டார். அப்பத்தையும் திராட்சரசத்தையும் மற்றவர்கள் வாங்கும்போது கடைசி வரிசையில் குனிந்தே இருப்பார். பொய்யனுக்கு வெட்கம் வந்துவிட்டது என்றது ஊர்.

மூன்றாம் ஆண்டு ஜான்ரோஸுக்குப் புதுக்கடைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றலாயிற்று. ஒரு காலை, ஆடுகளைத் தின்றுகொண்டிருந்த புலியைச் சுட்டுவிட்டார்கள் என்று ஊரே சந்தை முக்குக்கு ஓடியது. கணவனும் மனைவியும் போய்ப் பார்த்தார்கள். மண்ணில் கிடந்தது புள்ளி புள்ளியாக ஒரு சிறுத்தை.

புலி எங்கே என்று ஜான்ரோஸ் கேட்டார். பக்கத்து வீட்டு முத்துக்கனி அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

"இதுதான் சாரே புலி. வரி கெடந்தா கடுவா, புள்ளி கெடந்தா புலி. அது மரத்துல ஏறிக் கெடந்துல்லா பாயும்."

லீலாபாய் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஆப்பிரிக்காவில் சிறுத்தை உண்டு என்று அதே புத்தகத்தில் வாசித்தது ஜான்ரோஸுக்கு நினைவு வந்தது. அப்பா தாம் பிறந்த ஊர்ப் பேச்சில் சொன்னார். அதற்கு இருக்கும் புள்ளியைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வரி இருந்ததா என்று கேட்கவேண்டும் என்று இவர்களுக்கும் தோன்றவில்லை. ஒரு சொல்! அதற்காக ஒரு மனிதனைத் தலைகுனிய வைத்தார்களே!

அன்றே பிறந்தவீட்டுக்குப் புறப்பட்டு வந்தாள். அப்பா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவர் சட்டையை முதுகில் உயர்த்தினாள். நாலு தழும்புகள் வெளுத்து நீளமாகக் கிடந்தன. அவற்றின்மேல் முகத்தை வைத்து அழுதாள். எல்லாவற்றையும் சொன்னாள். சபையில் மறுபடி எழுந்து உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள்.

ரசலையன் துருவலை நிறுத்தவில்லை.

"காப்பிக்கடையில நான் சொன்னது பொய்தான், மக்கா. சாட்சி பொய்யில்ல. மன்னிப்புக் கேட்டேன் பாரு, அதுதான் பொய். கர்த்தருக்க முன்ன நிண்ணு, அவரு காப்பாத்தினத இல்லேண்ணுட்டேன். பொறவு எந்தக் கையில அப்பத்த வாங்க?"

ராப்போஜனத்துக்கு அவர் போகாததன் காரணம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அடுத்த ராப்போஜன ஞாயிறன்று, பெண்கள் பக்கத்திலிருந்து லீலாபாய் எழுந்தாள். கல்யாணமான பெண் சபையில் எழுந்து பேசுவது அங்கே வழக்கமில்லை. புலிக்கும் கடுவாவுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் சொன்னாள். பிறகு தன் குற்றத்தைச் சொன்னாள்.

"எங்கப்பா இந்தச் சபையில பொய் சொன்னது ஒரு நாளுதான், மன்னிப்புக் கேட்ட அண்ணைக்கு. அது எனக்காட்டு. சொல்லவச்சது நான். எனக்குக் கல்யாணம் வேணும்னு சொல்லவச்சேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. உபதேசியார் மடியிலிருந்த வேதாகமத்தைத் திறந்தார், மூடினார். நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. ஜான்ரோஸ் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து கடைசி வரிசைக்குப் போய், "வாங்க மாமா" என்று மெல்லக் கூப்பிட்டார்.

ரசலையன் எழுந்தார். தாம் மன்னிப்புக் கேட்ட நாளில்கூட அவர் தலை அவ்வளவு குனிந்ததில்லை. இன்று சபையில் நாணி நின்றது அவர் பெற்ற பெண்ணல்லவா! மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு, தரையையே பார்த்தபடி முன்னே நடந்தார். போகிற வழியில், பெண்கள் வரிசை ஓரத்தில், தனியே நின்ற மகளின் தலையில் ஒரு கணம் கையை வைத்தார். பிறகு மண்டியிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினார்.