‘நிகாலோ’ என்றால் எடு

மும்பை லோக்கல் ரயிலில் நிற்க இடமிருக்காது. டோலக் வாசிக்க மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடும். நெருளில் நான் ஏறும் காலை வண்டியில் பத்துப் பேர் மராத்தியிலும் இந்தியிலும் பஜனை பாடிக்கொண்டே ஆபீஸ் போவார்கள். பல வருடங்களாக நானும் அவர்களோடு ஜால்ரா போடுகிறேன். பாட்டில் பாதிதான் புரியும். ஊரில் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன், ரயிலில் பக்திமானாகிவிட்டேன் என்று அக்கா கேலி செய்வாள்.

உண்மையில் எனக்குப் பாட்டைவிடப் போட்டோ பைத்தியம்தான் அதிகம். அன்றைக்கும் பஜனையைப் படமெடுத்தேன். மான்குர்த்தில் ஏறும் திவாரி டோலக்கை நிறுத்திவிட்டு, “மேரா ஃபோட்டோ நிகால் தோ, பாய்” என்றார். உத்தரப் பிரதேசத்துக்காரர், எங்கள் பெட்டிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இந்த ஊரில் ‘நிகாலோ’ என்றால் எடு. தாராவியில் நான் கற்ற முதல் இந்திச் சொற்களில் ஒன்று. ஆசைப்படுகிறாரே என்று தனியாக மூன்று எடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் “நிகாலோ, நிகாலோ” என்றார். கூச்சம்போல என நினைத்து, தோளில் கைபோட்டு ஒரு செல்பியும் எடுத்து, எல்லாவற்றையும் பஜனை வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டேன்.

மறுநாள் திவாரி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. குழுவின் மூத்தவர் பாட்டீல்தான் விளக்கினார். திவாரி ஊரில், ‘நிகாலோ’ என்றால் அப்புறப்படுத்து. படத்திலிருந்து தன்னை எடுத்துவிடச் சொல்லித்தான் கெஞ்சியிருக்கிறார். மாலை போட்டு மஸ்கட்டுக்கு வழியனுப்பப்பட்ட மனிதர். ஏஜென்ட் மும்பையிலேயே கைகழுவிவிட்டான். ஊர் திரும்ப வெட்கப்பட்டு, மஸ்கட்டில் இருப்பதாக மனைவியிடம் சொல்லிக்கொண்டு மான்குர்த்தில் தங்கிவிட்டார். முன்பு எங்களோடு பாடிவிட்டு ஊருக்குப் போய்விட்ட அவருடைய மைத்துனன் இன்னும் அந்த வாட்ஸாப் குழுவில் இருந்தான்.

தமிழிலும் ‘எடு’ என்ற ஒரே சொல்தான் இரண்டு வேலையையும் பார்க்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வரவில்லை. மற்ற படங்களை அழித்துவிட்டு, செல்பியிலிருந்து அவரை மட்டும் வெட்டப் பார்த்தேன். என் பாதி முகமும் சேர்ந்து போனது. அதையும் அழித்தேன். அதற்குள் மைத்துனன் பார்த்துவிட்டிருந்தான். எனக்கு அவமானமாக இருந்தது. முதல் வருடம் தோல்பைப் பட்டறையில் பசை தடவிக்கொண்டிருந்தவன்தான் நானும். யாரோ ஒருவருடைய கண்ணாடிக் கட்டட வாசலில் நின்று படமெடுத்து, இதுதான் என் ஆபீஸ் என்று வீட்டுக்கு அனுப்பியவன்.

நான்காம் நாள் திவாரி வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு, மனைவி போன் செய்தாள் என்று மட்டும் சொன்னார். மஸ்கட்டானால் என்ன, மும்பையானால் என்ன, வீட்டில் இல்லை, அவ்வளவுதானே என்று கேட்டாளாம். “மாஃப் கரோ” என்று மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

அந்தச் செல்பியை அக்காவுக்கும் அனுப்பியிருந்தேன். அவள் அதை அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை வண்டி வாஷியைத் தாண்டும்போது அம்மா போனில் கூப்பிட்டாள்.

“ஏல, ஒங்கூட நிக்கது யாருல? மொகம் வாடிக் கெடக்கே. நம்மூரு ஆளா?”

“ஆமாம்மா, நம்மூருதான்.”

“எந்தத் தெரு?”

வண்டி பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். அடுத்த ஸ்டேஷன் மான்குர்த். “சத்தம் கேக்கலம்மா” என்று சொல்லிவிட்டு, திவாரிக்காகப் போட்டுவைத்திருந்த இடத்தில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி கையை வைத்துக்கொண்டேன்.